நாற்பது பாதைகள்

குருமண்வெளித் துறையில் ஒரு மிதக்கும் தட்டு
ஆட்களையும் மோட்டார்சைக்கிள்களையும் ஏற்றி
மண்டூருக்குப் போய்வரும்.
அதற்கு எங்கள் ஊரில் பெயர் பாதை.
'பாதை போயிட்டுதா?' என்று கேட்டபடி
ஓடி வருவோம்.

லேடெக்கிலும் அப்படித்தான்.
எதைக் கீறுவதென்றாலும் முதலில் ஒரு பாதை.
ஒரு புள்ளி, இரண்டு சிறு கோடு, இன்னொரு புள்ளி,
முடிவில் அரைப்புள்ளி.
அரைப்புள்ளியை விட்டால்
எண்பத்தேழாம் வரியின் பிழைக்கு
நூற்றுப் பன்னிரண்டாம் வரி அழும்.

சார்பு வேகம், பன்னிரண்டாம் தரம்.
பலகையில் கீறினால் மூன்று அம்பு.
அம்பு நகராது, பிள்ளைகளுக்குக் கொட்டாவி.
அதனால் நாற்பது சட்டகம்:
ஒவ்வொன்றிலும் நேரம் ஒரு துளி கூடும்,
பாதை ஒரு மில்லிமீற்றர் தள்ளிப்போகும்.
இரவு ஒன்றரைக்கு ஓடவிட்டேன்.
கடக்கவில்லை.
கரையோடு கரையாய் ஓடி மறைந்தது.
அது பாகையில் கேட்டிருக்கிறது,
நான் ஆரையனில் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு தகராறு.
கணக்கில் ஆறு மூன்று மீற்றர் வேகத்தில் ஓடுகிறது.
எங்கள் வாவி ஓடாது.
மாரியில் முகத்துவாரம் வெட்டினால்
சில நாள் ஓடும், பிறகு படுத்துக்கொள்ளும்.
உண்மையாக இருப்போம் என்று
நீரின் வேகத்துக்குப் பூச்சியம் கொடுத்தேன்.
நீளமில்லாத கோட்டுக்குத்
தலை மட்டும் முளைத்தது,
எங்கே போவதென்று தெரியாமல்
மேலே பார்த்துக்கொண்டு.
பரீட்சைக்காக மூன்றையே திரும்பப் போட்டேன்.

குழுவில் அனுப்பினேன்.
இருபத்தாறு கைபேசி,
இருபத்தாறிலும் பாதை
இந்தக் கரையிலேயே நின்றது.
அசையும் கோப்பு
கணினியில், அதற்கென்ற வாசிப்பானில்தான் அசையும்.
தெரிந்த விஷயம். தூக்கத்தில் மறந்த விஷயம்.
'மிஸ், பாதை பழுதா?' என்று எழுதினான் கேதுஷன்.

புதன்கிழமை ஜனுஷிகா
தீப்பெட்டி அளவில் ஒரு கட்டு நீட்டினாள்.
களுவாஞ்சிகுடியில் அச்செடுத்து, வெட்டி,
ஒரு பக்கம் ஸ்டேப்ளர் அடித்தது.
ஊசி இடது கரையை விழுங்கியிருந்தது.
பதினேழும் பதினெட்டும் இடம் மாறியிருந்தன.
பெருவிரலால் விட்டாள்.

பாதை போனது.
நடுவாவியில் கொஞ்சம் பின்வாங்கி,
யாரையோ ஏற்ற மறந்ததுபோல,
மறுபடி போனது.

'மெதுவாவும் விடலாம் மிஸ்.'
விட்டாள்.
'திருப்பியும் விடலாம்.'
மண்டூரிலிருந்து வெறுமனே வந்தது.

எவ்வளவு என்றேன். நூற்றிருபது ரூபா.
கறுப்பு வெள்ளை அச்சு.
நீரின் நீலமும் படகின் சிவப்பும்
ஒரே சாம்பல்.
எது எந்த அம்பு என்று கேட்டாள்.
கட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்,
கீறிய எனக்கே தெரியவில்லை.

இன்றிரவு ஒன்றைப்
புள்ளிக்கோடாக்க வேண்டும்.
அரைப்புள்ளியோடு.