காரண எண் ஒன்பது

துணிக்கடையின் பின்பக்கம், லிஃப்ட் அருகில்,
திருப்பிக் கொடுக்க வருபவர்களுக்கான மேசை என்னுடையது.
கிரிம்ஸ்பியில் சனிக்கிழமை மழை பெய்தால்
வரிசை காலுறை அலமாரி வரை நீளும்.

யாரும் இங்கே 'பிடிக்கவில்லை' என்று சொல்வதில்லை.
உடையின் மேல் பழி போடுவார்கள்,
அதையும் பட்டும் படாமலும்.
'கொஞ்சம் சத்தமாக இருக்கிறது' என்றார் திரு. கூல்பெக்,
ஓர் ஆரஞ்சுச் சட்டையை.
காதில் வைத்துப் பார்க்கலாமா என்று தோன்றியது.
'விலை செங்குத்து' என்றாள் லினெட்,
ஏணி கேட்பவளைப் போல.
மணமகளின் தாய் ஒருத்தி
தொப்பியைப் பெட்டியோடு தள்ளிவிட்டு
'இது கொஞ்சம் அதிகம்' என்றாள்.
எது? இறகா, வலையா, சம்பந்தியா?
ஒரு பெயரடைக்குப் பின்னால்
முழுக் கல்யாணமும் ஒளிந்துகொண்டது.

மற்றவர்களுக்கு ஒரு குட்டிச் சொல் போதும்.
டூ.
டூ பிக். டூ டைட். டூ பிங்க்.
ஒரே பாவாடையை
தாய் செவ்வாயன்று கொண்டுவந்தாள், டூ யங் என்று.
மகள் வெள்ளியன்று கொண்டுவந்தாள், டூ ஓல்ட் என்று.
அளவுநாடாவில் இல்லாத அங்குலம் அது.
பெயரடையின் தோளில் ஏறி உட்கார்ந்ததும்
அது தடுமாறி வேலிக்கு அந்தப்பக்கம் விழுகிறது.
எழுதும்போது பாருங்கள்,
அதற்கே ஓர் 'ஓ' அதிகம்.

தேநீர் இடைவேளையில்
என் மொழியில் அப்படி ஒரு சொல்லைத் துழாவினேன்.
நாங்கள் 'பெரிசா இருக்கு' என்போம், அவ்வளவுதான்.
வீடு பெரிசா இருந்தால் பாராட்டு,
செருப்பு பெரிசா இருந்தால் புகார்.
மீதியை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.
குழம்பு என்றால் மட்டும்
உப்பு கூடிப்போச்சு, புளி கூடிப்போச்சு,
கூட.
பிஸ்கட் தேநீருக்குள் உடைந்து விழுந்தது.
'நானும் கூட' என்பதற்கும் இவர்களுக்கு அதே டூ.
மிஞ்சியதற்கும் சேர்ந்ததற்கும் ஒரே சொல்,
இரண்டு மொழிகளிலும்,
ஒன்றை ஒன்று கேட்காமல்.
யாரிடம் சொல்வது இதை?
கிடங்கிலிருந்த கீரனிடம் சொன்னேன்.
'சரி' என்றான்.

நாலரை மணிக்கு ஜானிஸ் ஸ்டப்ஸ் வந்தாள்.
கருநீலக் கம்பளிக் கோட்டு, மார்பளவு நாற்பத்திரண்டு,
விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டு.
'பெரிதா?' என்றேன்,
பேனாவை எண் ஒன்றின் மேல் வைத்துக்கொண்டு.
'இல்லை. சரியாக இருந்திருக்கும்.'
'நிறம்?'
'அவருக்குப் பிடித்த நிறம்தான்.'
பிறகு, ரசீதைத் தேடிக்கொண்டே,
'நெவிலுக்கு ஐம்பத்தெட்டு. யங்.'

வெறும் யங்.
தோளில் யாரும் உட்காராத பெயரடை.
நாங்கள் செருப்பைச் சொல்வது போல்தான் சொன்னாள்.
மீதி முகத்தில் இருந்தது.

அவளுக்குப் பின்னால் நின்றவள்,
கையில் ஒரு ஜோடி சிவப்பு ரப்பர் பூட்ஸ்,
யாரிடமும் இல்லாமல் சொன்னாள்:
'மைன் டூ.'
ஜானிஸ் திரும்பிப் பார்க்கவில்லை.
நகர்ந்து, மேசையில் அவளுக்கும் கொஞ்சம் இடம் விட்டாள்.

திருப்பிக் கொடுக்க இருபத்தெட்டு நாள் கெடு.
கோட்டுக்கு முப்பத்தைந்து ஆகியிருந்தது.
காலம் கடந்தது என்று கணினி இருமுறை கத்தியது.
மேலாளரின் எண் எனக்குத் தெரியும், போட்டேன்.
படிவத்தில் ஒன்பதாம் கட்டம்: மற்றவை.
அதன் எதிரே ஒரு கோடு,
விரல் நீளம்.
அதில் எதுவும் எழுதவில்லை.

நோட்டுகளை எண்ணிக் கொடுத்தேன்.
அவள் மறுபடி எண்ணினாள், நனைந்த விரலால்,
ஒன்றை என் பக்கம் தள்ளினாள்.
'இது அதிகம், கண்ணு.'
ஆமாம், ஒரு பத்து கூட இருந்தது.

அடுத்து, ரப்பர் பூட்ஸ்.
போன மாதம் வாங்கியதாம்.
சிறியது. எண் இரண்டு.