இடப்பக்கம்

கடிகாரம் வரையச் சொன்னேன்.
பன்னிரண்டு எண்களையும் வலப்பாதிக்குள் நெரித்துவிட்டு
"சரிதானே மிஸ்?" என்றார் அரியகுட்டி.
இருபத்தாறு வருடம் வான் ஓட்டியவர்.
பகல் சோற்றிலும் பாதி அப்படியே கிடந்தது,
கறி காணாதென்று குறை வேறு.

மரைன் டிரைவில் நான் ஓட்ட,
பக்கத்து ஆசனத்தில் அவர்.
கொள்ளுப்பிட்டிக்குப் போகையில்
உப்புக்காற்று அவர் இடக்காதிலேயே அடிக்கிறது.
ரயில் சத்தம் கேட்டதும் வலப்பக்கம் திரும்பிக்
கட்டடங்களுக்குள் ரயிலைத் தேடினார்.
"கடலையும் மூடிட்டாங்களா மிஸ்?"

திருப்பிக்கொண்டு வந்தேன்.
என் யன்னலுக்கு வெளியே, அவருக்கு வலப்புறம், கடல்.
"ஆ, கிடக்குது" என்றார்.
பிறகு விளங்கியிருக்க வேண்டும்.
வெள்ளவத்தை மட்டும் வாய் திறக்கவில்லை.

ஓட்டலாம், ஓட்டக் கூடாது:
படிவத்தில் இரண்டு பெட்டிகள்.
ஒன்றில் கோடு போட
என் பேனைக்கு ஒரு கிழமை எடுத்தது.

அதன்பின் நூறாம் நம்பர் பஸ்.
அவர் இடது மணிக்கட்டில் சிவப்பு நூல்.
நூல் கண்ணில் படுமட்டும் தலையைத் திருப்ப வேண்டும்,
பட்ட பிறகுதான் கால் கீழே.
ஆறு தரம் சேர்ந்து போனோம்.
ஏழாந்தரம் அவர் தனியே,
நான் பின்னால் ஓட்டோவில், ஒளித்து.

இறங்கின கையோடு போன் எடுத்தார், கொதித்துக்கொண்டு:
"உந்த டிரைவருக்கு ஆர் மிஸ் லைசன்ஸ் குடுத்தது?
இடப்பக்கம் ஒரு பொம்பிளை கை காட்டிக்கொண்டு நிக்கிறா.
நான் கண்டனான்.
அவன் காணேல்ல!"

வான் சாவி இன்னும் அவர் பொக்கற்றில்தான் இருக்கிறது.
நான் கேட்கவில்லை.