முப்பத்தாறு தவணை

சம்பளம் வந்த அன்றே
வங்கி என் கணக்கைத் தொட்டுவிட்டது.
குறுஞ்செய்தியில் இவ்வளவுதான்:
கண் மருத்துவமனை. தவணை 22 / 36.
நன்றி.

கடன் என் பெயரில்.
கண்கள் யாஸ்னாவின் முகத்தில்.
முகம் இப்போது லா செரேனாவில்,
அந்தோபகாஸ்தாவிலிருந்து
பேருந்தில் பன்னிரண்டு மணி நேரம்.

மீன் துறையில் குடல் எடுக்கும் வேலை அவளுக்கு.
கண்ணாடியில் எப்போதும்
இரண்டு செதில் ஒட்டியிருக்கும்.
மைனஸ் எட்டு.
குனிந்து கழிவைக் கொட்டிய ஒரு காலை
அந்தக் கண்ணாடி நழுவிக் கடலில் விழுந்தது.
கடல்சிங்கம் ஒன்று முகர்ந்து பார்த்து
வேண்டாமென்று விட்டுவிட்டதாம்.
அந்த வருடத்தில் அது மூன்றாவது கண்ணாடி.
கைகொட்டிச் சிரித்தார்களாம் எல்லோரும்.
அவளும் சிரித்தாளாம்,
எந்தப் பக்கம் பார்த்துச் சிரிப்பதென்று தெரியாமல்.

மருத்துவமனைப் பெண் கால்குலேட்டரைத்
திருப்பிக் காட்டினாள்.
ரொக்கமென்றால் இவ்வளவு,
தவணையென்றால் இவ்வளவு.
இரண்டுக்கும் நடுவில்
ஒரு சலவை இயந்திரம் நின்றது.
ஒரு கண்ணுக்கு மட்டும் செய்தால்? என்றேன்.
அவள் வேடிக்கையென்று நினைத்தாள்.
யாஸ்னா மேசைக்கடியில் கிள்ளினாள்.
நான் நிஜமாகத்தான் கேட்டேன்.

வெளியறையில் ஒரு திரை.
அதில் அவள் கண்
ரொட்டித் தட்டளவு பெரிதாக,
இமைக்க முடியாமல்.
நான் அதுவரை அறியாத
ஒரு பழுப்புப் புள்ளி அதில் இருந்தது.
பதினோரு வினாடி ஒரு கண்ணுக்கு.
சுரங்கச் சாலையில் தூசு அடங்க
லாரியில் தண்ணீர் தெளிக்கிறவன் நான்.
பாலைவனத்தை நனைத்து நனைத்து
நான் சேர்க்கும் ஒரு வார வேர்வை
ஒரு வினாடிக்குப் போனது.
முடி பொசுங்கும் வாசம் வந்தது என்றாள் பிறகு.
எதன் முடி என்று இருவருமே கேட்கவில்லை.

அன்றிரவு கண்மேல் ஞெகிழி மூடி ஒட்டி
மல்லாந்து கிடந்தாள்.
நாலு மணிக்கொரு முறை சொட்டு மருந்து.
மூடியைப் பிரித்து, அசையாதே என்று சொல்லி
ஒரு துளி.
பாதி அவள் காதுக்குள் போனது.

காலையில் என்னை உலுக்கி எழுப்பினாள்.
வளைகுடாவில் நின்ற கப்பலின் பெயரை
எழுத்து எழுத்தாக வாசித்தாள்.
எனக்குக் கப்பலே புகையாய்த் தெரிந்தது.
சரியாகத்தான் இருக்கும் என்றேன்.

பதினோராம் தவணையில் அவள் போய்விட்டாள்.

உன்னைத் தெளிவாகப் பார்த்துவிட்டாள், அதனால்தான்
என்று பீர் கோப்பையைத் தட்டிச் சிரித்தான் ஒரோசிம்போ.
நானும் சிரித்தேன்.
ஆனால் அவனுக்குத் தெரியாது:
கண்ணாடி கழற்றிய அவள்
நாலு விரல் தூரத்தில் வந்துதான்
என் முகம் பார்ப்பாள், ஒன்பது வருடமாக.
அதைவிடத் தெளிவாக
யாரும் யாரையும் பார்க்க முடியாது.
காரணம் வேறு.
ஏழு நாள் மலை, ஏழு நாள் வீடு.
வீட்டு ஏழு நாளையும் நான் தூங்கியே கழித்தேன்.

நிறுத்தலாமா என்று வங்கியில் கேட்டேன்.
பொருளைத் திருப்பித் தர இயலாத கடன் இது
என்றார் அதிகாரி,
சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாகி
காகிதங்களை அடுக்கினார்.
அன்றிலிருந்து
கண்ணும் கருத்துமாய்க் கட்டுகிறேன்.

போன ஜூலையில் ஒரு தொகை வந்தது.
தவணையில் சரி பாதி.
குறிப்பில் இரண்டே சொல்: இடது கண்.
அடுத்த மாதமும் வந்தது.
திருப்பி அனுப்ப நினைத்தேன்.
முன் சக்கரத்துக்கு டயர் வாங்கினேன்.

ஆக, வலது கண் மட்டும்
இன்னும் பதினான்கு மாதம் என் பொறுப்பு.
ஊசியில் நூல் கோக்கையில்
எந்தக் கண்ணை அவள் மூடுவாள்?
நினைவில்லை.
பார்த்திருக்க வேண்டும்.

செய்தி வந்தால் இப்போது
கையை முழுக்க நீட்டித்தான் படிக்கிறேன்.
நாற்பது தாண்டினால் அப்படித்தான்,
அதற்கு வேறு சிகிச்சை,
வேறு தவணைத் திட்டம்
என்கிறாள் தொலைபேசியில்
அதே மருத்துவமனைப் பெண்.
சந்தையில் ஒருவன்
கம்பளி விரித்துக் கண்ணாடி விற்கிறான்.
விலை கேட்டு வைத்திருக்கிறேன்.