இருபதாவது கொண்டை ஊசி

சனிக்கிழமை இரவு
ஜவ்வரிசி ஆலையின் வரவு செலவை மூடிவிட்டு
அதே மடிக்கணினியில் மலையைத் திறக்கிறேன்.

சேர்வராயன் அல்ல, ஆனால் அதுதான்.
அடிவாரச் சோதனைச் சாவடி
என் உலகத்தில் எலும்பு வாயில்.
ஏரிக்கு வேறு பெயர், அடியில் ஒரு மணி.
ஏற்காட்டுப் பாதைக்கு இருபது கொண்டை ஊசி,
பகடைக்கும் இருபது முகம்.
இதற்கு மேல் என்ன சகுனம் வேண்டும்?

ஒவ்வொரு வளைவும் ஒரு வட்டம்.
தொட்டால் விரியும்:
சத்திரம், சத்திரக்காரி, அவள் கடன்,
கடன் கொடுத்தவன், அவன் இடுப்பில் தொங்கும் சாவி.
வட்டத்திலிருந்து வட்டத்துக்குக் கோடு.
பச்சை என்றால் உறவு,
மஞ்சள் என்றால் பாக்கி,
சிவப்பு துரோகம்.
மூன்று மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கோடுகள்.
சுருக்கிப் பார்த்தால்
சிக்கெடுக்காத தலைமுடி;
வகிடு எங்கே என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஞாயிறு மாலை அஸ்தம்பட்டியில்
பெர்சிஸ் வீட்டு மாடி.
சுவரில் ஆணியடித்த வெள்ளைப் போர்வை,
அதன்மேல் கொஞ்சம் கோணலாக என் மலை.
தட்டுவடை செட் தின்ற விரலோடு
பகடையைத் தொடாதே என்று
மகுடீஸ்வரனுக்கு வாராவாரம் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் வளைவின் அரசனுக்கு
நாற்பது கோடுகள் போட்டிருந்தேன்.
அவன் வம்சம், அவன் வயிற்றுவலி,
கிரீடம் வார்த்த கொல்லனின் பெயர் வரைக்கும்.
ஒருவரும் அவனைப் பார்க்கப் போகவில்லை.
"வழியில ஒரு மிளகு மூட்டைக்காரன் எதிர்ல வர்றான்" என்று
சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.
"அவன் பேர் என்ன?" என்றாள் பெர்சிஸ்.
வாயில் வந்தது சடையப்பன்.
அன்றிலிருந்து அவன் பின்னாலேயே நடக்கிறார்கள்.
சடையப்பனுக்கு இப்போது
ஒரு மனைவி, இரண்டு கழுதை, ஒரு பழைய கொலை.
அரசன் இன்னும் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறான்,
குளித்து முடித்து,
யாரும் தொடாத வட்டமாக.

போன வாரம்தான் அது நடந்தது.
மறைக்க வேண்டிய அடுக்கை மறைக்காமல்
படத்தைப் போர்வையில் விட்டுவிட்டேன்.
இரண்டு நொடி. மூன்றாகக்கூட இருக்கலாம்.
இர்ஃபானின் வில்லாளியிடமிருந்து
தங்கை நிலாமதிக்குப் பச்சைக் கோடு,
நிலாமதியிடமிருந்து
எலும்பு வாயிலுக்குச் சிவப்புக் கோடு.
மற்றவர்கள் உருண்டோடிய பகடையைத் தேடிக்
கட்டிலடியில் தலையை விட்டிருந்தார்கள்.
அவன் மட்டும் சுவரைப் பார்த்தபடி இருந்தான்.
சூரமங்கலம் ஸ்டேஷனில் சிக்னல் பார்க்கிறவன்.
அவனுக்கா சிவப்பு தெரியாது?

நான் மூடினேன்.
அவன் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தான்.

பதினேழாம் வளைவு. பனி.
முன்னால் போகிறவனின் முதுகு தெரியாத பனி.
"ராத்திரிக்குச் சாவி யார்கிட்ட இருக்கும்?" என்றேன்.
குரல் எனக்கே சரியாக வரவில்லை.

"என் தங்கச்சிகிட்ட," என்றான் இர்ஃபான்.
"அவளை விட்டா எனக்கு யாரு இருக்கா?"
மகுடீஸ்வரன்கூடத் தலையாட்டினான்.
பெர்சிஸ் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்:
சாவி, நிலாமதியிடம்.
அவன் என்னைப் பார்க்கவே இல்லை.
கட்டிலடியில் கிடைத்த பகடையை வாங்கி
சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது கோரிமேட்டில் வண்டியை நிறுத்தினேன்.
மலையில் கடைசிப் பேருந்து இறங்குகிறது.
வளைவுக்கு வளைவு விளக்கு அணைந்து,
வேறோர் இடத்தில் முளைக்கிறது.
உள்ளே இருப்பவர்களுக்கு
அது அணைவதே தெரியாது.

வீட்டில் சிவப்புக் கோட்டின் மேல் சுட்டியை வைத்தேன்.
அழிக்கவா என்று கேட்டது.
தங்கையை நல்லவளாக்க ஒரு சொடுக்கு போதும்.
ஆனால் அழித்தால்
அவன் தெரிந்தே கொடுத்தது
வெறும் சாவியாகிவிடும்.

இர்ஃபானிடமிருந்து எனக்கு
ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன்.
எந்த நிறம் என்று கேட்டது.
இருந்த மூன்றில் ஒன்றும் ஒத்துவரவில்லை.

இருபதாவது வளைவு இன்னும் காலி வட்டம்.
அதை அப்படியே விட்டு,
சடையப்பனின் மூத்த கழுதைக்கு
ஒரு பேர் வைத்துவிட்டுப் படுத்தேன்.
கட்டாயம் கேட்பார்கள்.