கரையாத பாதி

இரவு பத்தரைக்கு என் முறை.
வாளி, துடைப்பம், எலுமிச்சை வாசனை போட்ட ஏதோ ஒரு திரவம்.
மீன் ஆய்வகத்தின் மூன்றாம் தளத்தில்
தொட்டிகள் இருபத்துநான்கு.
பன்னிரண்டில் ஊற்றுநீர்.
பன்னிரண்டில்
கழிவுநீர் நிலையத்துக் குழாய்க்குக் கீழே
ஆற்றில் மொண்டு வந்த நீர்.
எது எதுவென்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.
துடைப்பம்தான் சொன்னது.

குனிந்து தரை துடைத்து வருகையில்
சில தொட்டிகளில் அபோரெ மீன்கள்
பிளாஸ்டிக் பாசிக்குள் பாய்ந்து ஒளியும்.
பச்சை மேனியில் ஆறேழு கறுப்புப் பட்டை,
பயந்தால் இன்னும் கறுக்கும்.
மற்றவற்றில்
ஒரு துடுப்பும் பதறாது.

பதினேழாம் தொட்டிக்காரன்
கண்ணாடிக்கே வருவான்.
என் மஞ்சள் கையுறையை, வாளியின் நிழலை,
பழகிய கடைக்காரன்போல ஏறிட்டுப் பார்ப்பான்.
எனக்கு அது பிடித்திருந்தது.
இந்தக் கட்டடத்தில்
துடைப்பக்காரியை நேராகப் பார்ப்பவர்கள் குறைவு.
"என்ன தைரியம்டா உனக்கு!" என்று
ரொட்டித் துணுக்கு போட்டதுகூட உண்டு.
ஸ்டெல்லனிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஸ்டெல்லன் ஓரிரவு வீட்டுக்குப் போகவில்லை.
காபி ஆறிக் கிடந்தது.
"தைரியமில்லை, மாய்கென்," என்றான்,
"ஊரார் விழுங்கும் பதற்ற மாத்திரை.
உடம்பு எடுத்தது போக மிச்சம்
கழிவறை வழியே நிலையத்துக்கு வரும்.
நிலையம் மலத்தைப் பிரிக்கும், மணலைப் பிரிக்கும்,
இதைப் பிரிக்க அதற்குத் தெரியாது.
மீன் கூட்டத்தை விட்டு விலகுகிறது.
தனியே மேய்கிறது. நன்றாகவே தின்கிறது."
மருந்தின் பெயரையும் சொன்னான்.

அந்தப் பெயர் என் மேலங்கிப் பையில் இருந்தது,
வெள்ளித் தகட்டில், இன்னும் எட்டு.

நான்கு வருடம் முன்பு ஒரு பிப்ரவரிக் காலை
பாலத்தின் நடுவில் என் கால் நின்றுவிட்டது.
ஒன்றும் நடக்கவில்லை.
லாரி வரவில்லை, பனியில் சறுக்கவில்லை.
கம்பியைப் பிடித்தபடி நாற்பது நிமிடம்.
நாய் நடத்த வந்த ஒருவர்
கையைப் பிரித்தெடுத்துக் கரை சேர்த்தார்.
அன்றிலிருந்து, வேலைக்குக் கிளம்புமுன், பாதி.
அந்தப் பாதியால்தான் பாலம் கடக்கிறேன்,
வாடகை கட்டுகிறேன்,
மகள் அழைத்தால் எடுத்துப் பேசுகிறேன்.

மறுவாரம், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால்
யெத்தா ஒன்றை விட்டார்கள்.
வாத்தலகு மூஞ்சி, என் கை நீளம்,
அசையாமல் நிற்பதே அதன் வேட்டை.
ஊற்றுநீர் மீன்கள் மூலையில் ஒரே முடிச்சாயின.
பதினேழு
தடுப்புவரை போய் அதன் பல்வரிசையைப் பார்த்து நின்றான்.
இங்கே தடுப்பு இருந்தது.

அன்றைக்கு ஊழியர் கழிவறையில்
பொத்தானை அழுத்தக் கை வரவில்லை.
பிறகு அழுத்தினேன்.
வேறென்ன செய்ய?
மாத்திரையை விட்டுவிடலாமே என்கிறீர்கள்.
நீங்கள் அந்தப் பாலத்தில் நின்றதில்லை.

காலை ஐந்து மணி.
வெளிச்சம் தூங்கப் போகாத மே மாதம்.
நாணலை விட்டு, நடு ஆற்றில்,
அபோரெகள்.
ஒவ்வொன்றும் தனித்தனியே,
ஒன்றையொன்று அறியாத பயணிகள் மாதிரி.
தூணருகே சாம்பல் நாரை,
அதற்கு அவசரமே இல்லை.

பலகை அதிரக் காலால் உதைத்தேன்.
கம்பியில் சாவிக்கொத்தால் அடித்தேன்.
"போங்கள்! ஒளிந்து தொலையுங்கள்!"
செய்தித்தாள் போடும் பையன்
சைக்கிளை நிறுத்தி என்னைப் பார்த்தான்.
என் நிழல் நீரில் நீண்டு விழுந்தது.
நிழலை நோக்கி ஒன்று வந்தது.
வந்து
அண்ணாந்து பார்த்தது.

இரத்தத்தில் இரவின் பாதி இன்னும் இருக்கையிலே
நான்கு வருடத்துக்குப் பிறகு
என் வயிற்றில்
புளி கரைந்தது.