மூன்றுக்கு முன்

என்னிடம் வருவது வீரர்கள் அல்ல, விரல்கள்.
சுண்டுவிரல்தான் அதிகம். அடுத்தது மணிக்கட்டு.
கார்கார் சந்தைக்குப் பின்னால், மீன்வாடை தாண்டி,
நீலக் கதவு. கேட்டால் யாரும் காட்டுவார்கள்:
கிரிசாந்தா, எலும்பு சேர்ப்பவள்.

எனக்கு எஸ்க்ரிமா ஆடத் தெரியாது.
ஆனால் அதைப் பின்பக்கமிருந்து வாசித்திருக்கிறேன்,
சட்டையைப் புரட்டி உள்தையலைப் பார்ப்பதுபோல.
எந்த அடி எலும்பை எந்தப் பக்கம் தள்ளும்,
பன்னிரண்டு கோணங்களில் எது எவனுக்குப் பிடித்தது,
வீக்கம் சொல்லிவிடும்.

தலையைத் தேடுகிறவன் கற்றுக்குட்டி.
தெரிந்தவன் கையைத்தான் அடிப்பான்.
பாம்பைக் கொல்லாதே, பல்லைப் பிடுங்கு என்பார்கள்;
பிடுங்கிய பற்களைத்தான்
தேங்காயெண்ணெயும் இஞ்சியும் தடவி
நான் திரும்ப நட்டுக்கொண்டிருக்கிறேன்.

கம்பு பிரம்பு. தணலில் வாட்டி நிமிர்த்தியது,
தோளிலிருந்து மணிக்கட்டு வரை நீளம்.
மரம் என்றால் பிளந்து கண்ணில் தெறிக்கும்.
பிரம்பு நார்நாராய்க் கிழிந்து தொங்கும்,
தோற்றதை ஒப்புக்கொள்ளாத மனிதனைப் போல.

இரட்டைக் கம்பு வீச்சுக்குப் பெயர் சினாவாலி.
என் வீட்டுச் சுவரும் சவாலிதான்:
மூங்கில் பட்டை மேலே ஒன்று, கீழே ஒன்று.
இரண்டு பேர் மோதும்போது நடுவில்
ஒரு சுவர் எழும்புகிறது, ஒரு கணம்.
அதில் ஓட்டை கண்டவன் நுழைகிறான்.

வரலாறு பேசுகிறவர்களும் வருவார்கள், வீக்கத்தோடு.
ஸ்பானியர்கள் கத்தியைத் தடுத்தார்களாம்,
கலை திருவிழா நாடகத்துக்குள் ஒளிந்துகொண்டதாம்,
மூர் ராஜாவும் கிறிஸ்தவ ராஜாவும்
தகர வாளோடு சுற்றிய சுற்றில் எல்லாம் இருந்ததாம்.
இருக்கலாம்.
நான் பார்த்த மூர் ராஜா என் மாமன் பிலோமினோ.
கள் ஏறி, செத்து விழவேண்டிய நேரத்துக்குக்
கால் மணி முன்பே விழுந்தான்.
அதில் ரகசியம் எதுவும் எனக்குப் படவில்லை.

எண்கள் மட்டும் நிஜமாகவே அவர்களுடையவை.
ஊனோ, தோஸ், த்ரேஸ்.
முந்நூறு ஆண்டு ஆண்டவர்கள் விட்டுப்போனது
சிலுவை, கடன் பத்திரம், பன்னிரண்டு வரை எண்ணிக்கை.
அலறுவது மட்டும் செபுவானோவில்.

போன கத்தரீனம்மாள் திருநாள் இரவு
கொப்பரைக் கிடங்கில், பெட்ரோமாக்ஸ் இரண்டு ஏற்றி,
சாவுக்கு யாரும் பொறுப்பல்ல என்று கைநாட்டு வைத்து
ரெஸ்தித்துதோவும் ஃபிலெமோனும் மோதினார்கள்.
முன்னவன் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன்,
பின்னவன் நெக்ரோஸ் கரும்புக்காட்டிலிருந்து திரும்பியவன்.
பார்த்தவர்கள் சொல்வது ஆளுக்கொன்று.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
இருவரும் ஒரே மாட்டுவண்டியில் வந்தார்கள்,
பேசிக்கொள்ளாமல், கூலியைப் பாதி பாதி போட்டு.
இருவருக்கும் வலக்கை. இருவருக்கும் அதே எலும்பு.
யார் ஜெயித்தது என்றேன்.
வண்டிக்காரன் என்றான் ஃபிலெமோன்.

பத்தை கட்ட அவர்கள் கம்புகளையே பிளந்தேன்.
அவன் கம்பு இவன் கைக்கு, இவன் கம்பு அவன் கைக்கு.
வேண்டுமென்று செய்யவில்லை,
எட்டிய பக்கம் அப்படி இருந்தது.

பிறகு எலும்பை இழுக்க வேண்டும்.
மூன்று எண்ணுவேன், மூன்றில் இழுப்பேன் என்றேன்.
ஊனோ.
தோஸ் என்று சொல்லி வாய் மூடுமுன் இழுத்துவிட்டேன்.
மூன்றுக்குத்தானே உடம்பு இறுகிக் காத்திருக்கும்.
ஃபிலெமோன் அலறி, மூச்சு வாங்கி, என்னையே பார்த்தான்:
"இங்கேதான். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான்
அவனும் என்னை அடித்தான்."
பெஞ்சில் முறைக்காகக் காத்திருந்த ரெஸ்தித்துதோ
தன் கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

அவனுக்கு ஒன்றிலேயே இழுத்தேன்.

ஃபிலெமோன் ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு வெல்லம் தந்தான்.
ரெஸ்தித்துதோவின் கடன் இன்னும் நிற்கிறது.