நாற்பத்தொன்று முதல் நாற்பத்தேழு வரை

இரவு இரண்டு மணி ஷிஃப்ட்.
பசோவிட்சா மேட்டில் காற்று
கூரைத் தகட்டைக் கழற்றப் பார்க்கிறது.
உள்ளே எலக்ட்ரான்கள் வட்டமடிக்கின்றன.
அவற்றுக்கு வானிலை கிடையாது.

நேவியா ஸ்கெர்க் கொண்டுவந்த படிகம்
இமை முடியின் பருமன்கூட இல்லை.
நைலான் வளையத்தில் ஏந்தி
நைட்ரஜன் குளிருக்குள் நிறுத்தினேன்.
என் வேலை அவ்வளவுதான்.
நடுவில் நிறுத்து, கதவைப் பூட்டு, கதிரைத் திற.
திரையில் புள்ளிகள் விழத் தொடங்கின,
வெள்ளைத் தரையில் எள் இறைத்ததுபோல்.
ஒவ்வோர் எள்ளுக்கும் தன் இடம் தெரிந்திருந்தது.

பழைய படத்தை எனக்குக் காட்டியவள் அவள்தான்,
மூன்று வருடம் முன்பு, தானியங்கிக் காபி இயந்திரத்தின் அருகில்.
புரதத்தின் ஒரு சுருள்
டி.என்.ஏ.வின் பெரும்பள்ளத்தில் படுத்திருந்தது.
ஏணியைப் பிரிக்காமல்
வெளியிலிருந்தே தடவிப் படிக்கிறது, பார் என்றாள்.
அர்ஜினைனின் இரு விரல்கள் குவனைன் விளிம்பைத் தொட்டிருந்தன.
கை எட்டாத ஓரிடத்தில்
ஒரே ஒரு நீர் மூலக்கூறு,
இரண்டு உயிர் முட்டிக்கொள்ளும்போது
அழைக்காமல் நடுவே வந்து நிற்கும் யகரம்.
(இதை அவளிடம் சொல்ல
என் இத்தாலிய மொழி போதவில்லை.)

ஆனால் ஊரெல்லாம் பேசியது வாலைப் பற்றி.
நாற்பத்தொன்று முதல் நாற்பத்தேழு வரை
ஏழு அமினோ அமிலங்கள்.
தனியே வளர்த்த படிகங்களில்
மூட்டமாய்க் கலைந்துபோகும் துண்டு
இங்கே சிறுபள்ளத்தில் இறங்கி
இறுகப் பிடித்திருந்தது.
அந்தப் பிடிக்குப் பெயர் வைத்தார்கள்.
அம்புக்குறி போட்டார்கள்.
இதழின் அட்டைக்கும் போனது.

பிறகு தாவோரின் வந்தான், முதல் வருட மாணவன்,
வாலை வெட்டிவிட்டுச் சோதித்தான்.
ஜெல்லில் பட்டை அதே இடத்தில்.
மறுபடி. அதே இடத்தில்.
உப்பைக் கூட்டினான். அதே.
வாலில்லாமலே அந்தப் புரதம்
தன் சொல்லைத் தேடிப் போய் உட்கார்ந்தது.

நேவியா கோபப்படவில்லை.
பழைய கோப்பைத் திறந்து
அண்டை மூலக்கூறுகளையும் வரை என்று கணினிக்குச் சொன்னாள்.
அதுவரை திரைக்கு வெளியே நின்ற கூட்டம்
உள்ளே வந்தது,
எள் போட்டால் எள் விழாத நெரிசல்.
இழைகள் நுனியோடு நுனி ஒட்டி
ஒரே நீளமாய்க் கிடந்தன.
எது யாருடையது என்று யாரும் கேட்டிருக்கவில்லை.
வால் பிடித்திருந்தது
பக்கத்து இழையை.

அந்த வாரம் போரா அடித்தது.
ட்ரியஸ்தே நகரத்துக்கு இறங்கியிருந்தேன்.
துறைமுக முக்கில் காற்று என்னைத் தூக்க,
மீன்கடை ஏப்ரன் கட்டிய ஒரு பெண்மணி
என் கையைப் பிடித்தாள், நான் அவள் தோளை.
விளக்குக் கம்பம் வரை அப்படியே போனோம்.
அப்போது யாராவது படம் எடுத்திருந்தால்
தாயும் பிள்ளையும் என்றுதான் எழுதியிருப்பார்கள்.
சுவர் மறைவு வந்ததும்
கையை உதறினாள், தலைமுடியைச் சரிசெய்தாள்,
திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.
என் மணிக்கட்டில் மத்தி மீன் வாசம்
மாலைவரை.

திருத்தக் கடிதம் நாலு வரி.
மாதிரி என்று நாம் சொல்லும் சொல்லில்
'போல' என்பதும் இருக்கிறது;
அவள் மொழியில் அதற்கு இரண்டு சொல் தேவைப்பட்டது.

இன்றைய படிகம் வேறு அடுக்கு,
நெரிசல் வேறு திசையில்.
நாலரை மணிக்கு முதல் வரைபடம் தெரிந்தது.
சுருள் பள்ளத்தில் இருக்கிறது.
அர்ஜினைன் இருக்கிறது.
அந்த ஒற்றை நீர், அதே இடத்தில்.
நாற்பத்தொன்று முதல் நாற்பத்தேழு வரை
எதுவுமில்லை.
நேவியா அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்,
அங்கே ஒன்றையும் வரையவில்லை.
தாவோரின் நாற்காலியிலேயே தூங்கியிருந்தான்.

அடுத்த வளையம், என்றாள்.
போய்க் கதவைத் திறந்தேன்.